முன்தேவைப் பாடங்களை நீக்கும் முடிவு: கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் கணினி அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்துக்கும் முன்தேவை, அதாவது அதற்கு முன் தேறியிருக்க வேண்டிய பாடம், கிடையாது என்றும், தனிநிலைக் கணிதம் (தனித்தனியாக எண்ணத்தக்க பொருள்களின் கணிதம்), கணினி அமைப்பியல், இயங்குதளம் ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களின் பட்டியலிலிருந்து விருப்பப் பாடங்களின் பட்டியலுக்கு மாற்றப்படுகின்றன என்றும் நீங்கள் வெளியிட்டுள்ள சுற்றறிக்கையைப் படித்தேன். மாணவரின் தெரிவுச் சுதந்திரம் என்ற சொற்றொடர் அதில் ஐந்து இடங்களில் வருகிறது. அந்த மூன்று பாடங்களும் இதுவரை மற்றப் பாடங்களுக்கு எதைக் கொடுத்துவந்தன, இனி அதை யார் கொடுப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் இத்துறையில் படித்தவன். 15 ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருப்பவன். கடந்த 6 ஆண்டுகளாக மாலை நேரங்களில் இங்கேயே ஆய்வக வகுப்பு எடுப்பவன். இந்த மூன்று இடங்களிலிருந்தும் பார்த்த பிறகு, இம்முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சுற்றறிக்கை இதைப் புதிய முயற்சி என்கிறது. இது புதியதன்று. நான் படித்த காலத்தில் இரண்டு ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் இயங்குதளம் விருப்பப் பாடமாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. எதற்காக அப்படித் திருப்பினார்கள் என்பதற்கான குறிப்பு துறையின் பழைய கோப்புகளில் எங்கேனும் இருக்க வேண்டும். கோப்பு கிடைக்காவிட்டாலும், அந்தச் சோதனையின் விளைவுகளில் ஒருவன் இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வீட்டில் யாருமில்லை. விடுதியில் மூத்த மாணவர்கள் சொன்னதுதான் வழிகாட்டுதல். இயங்குதளம் கடினம், மதிப்பெண் விழாது, அசைபட (அனிமேஷன்) பாடத்தை எடுத்தால் எளிதாகத் தேறிவிடலாம் என்றார்கள். எடுத்தேன், நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அந்தப் பாடம் முழுவதும் கற்றுக்கொடுத்த ஃபிளாஷ் என்னும் மென்பொருளின் இயக்கிக்கு அதை உருவாக்கிய நிறுவனமே 2020ஆம் ஆண்டு இறுதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. நான் தவிர்த்த பாடத்தில் நடத்தப்பட்ட செமஃபோர், அதாவது பொதுவான ஒன்றைப் பல செயல்கள் ஒரே நேரத்தில் தொட்டு மோதாமல் முறைப்படுத்தும் குறி, நெதர்லாந்துக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் முன்வைத்த கருத்து. இன்று எழுதப்படும் இயங்குதளக் கருக்களிலும், அதாவது அவற்றின் மைய நிரல்களிலும், அது இருக்கிறது.

தவிர்த்ததன் விலையை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் கொடுத்தேன். ஒரு கிடங்கின் சரக்கிருப்பைக் கணக்கிடும் நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் சோதனைக் கணினியில் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது. வாடிக்கையாளரிடத்தில் மட்டும் ஒரு நாளில் மூன்று நான்கு முறை இருப்பு ஒன்றிரண்டு கூடுதலாகக் காட்டியது. முதலில் தரவுத்தளத்தைச் சந்தேகித்தேன், பிறகு வலையமைப்பை, கடைசியில் கிடங்கில் எண்ணுகிறவர்களையே சந்தேகித்தேன். ஓரிடத்தில் நிரலைச் சற்று நேரம் காத்திருக்கச் செய்யும் வரி ஒன்றைச் சேர்த்தபோது பிழை மறைந்தது. ஏன் மறைந்தது என்று தெரியாமலே அதைத் திருத்தம் என்று அனுப்பிவைத்தேன். பண்டிகைக் கால விற்பனையின்போது அது முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்து, வேறு குழுவைச் சேர்ந்த மூத்த பொறியாளர் ஒருவர் பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: படி, கழி, எழுது. இரண்டு இழைகள், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் செயல்வரிசைகள், ஒரே நேரத்தில் இருப்பு 100 என்று படிக்கின்றன. இரண்டும் ஒன்றைக் கழிக்கின்றன. இரண்டும் 99 என்று எழுதுகின்றன. போனது இரண்டு பொருள், குறைந்தது ஒன்று. நான் சேர்த்த காத்திருப்பு அந்த மோதலை அரிதாக்கியதே தவிர நீக்கவில்லை. பத்து நிமிடத்தில் புரிந்துபோன விஷயம் அது. எனக்குக் கோபம் வந்தது அந்தப் பிழையின் மீதல்ல. பட்டம் வாங்கிய ஒருவன் கேட்டிருக்கவே வேண்டிய ஒன்றை முதல்முறையாக 24 வயதில், அதுவும் ஒரு வாடிக்கையாளரின் நட்டத்தின் வழியாகக் கேட்கிறேனே என்பதன் மீது.

என் கணக்கில் தவறியது சில பெட்டிகள். இதே வகைப் பிழை கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஒன்றில் இருந்தபோது என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. தெராக்-25 கருவியால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளாவது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் இறந்தார்கள். முந்தைய மாதிரியில் வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் மென்பொருளின் குற்றம் வெளியே தெரியாமல் கிடந்தது. தடுப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பியபோது அது வெளிப்பட்டது. மருத்துவக் கருவிக்கு நிரல் எழுதும் வேலை இயங்குதளம் படிக்காதவருக்குக் கிடைக்காது என்று நாம் உறுதி சொல்ல முடியாது. சான்றிதழில் எல்லாருக்கும் ஒரே பட்டப்பெயர்தான் அச்சாகிறது.

இனி தனிநிலைக் கணிதம். சுற்றறிக்கை இதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்கிறது: மாணவர்கள் இதை நிரலாக்கத்தோடு தொடர்பில்லாததாகக் கருதுகிறார்களாம். கருதுகிறார்கள்தான். முதல் பருவத்தில் நானும் அப்படியே கருதினேன். ஆனால் படிமுறைகள் (கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிகள்) ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் நான் காண்பது வேறு. மாற்று வழியில் சேர்க்கை பெற்று அந்தப் பாடத்தை இன்னும் முடிக்காத மாணவர்கள் சிலர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்திச் சேர்க்கும் இணைப்பு முறை வரிசையாக்கத்துக்கு அவர்களும் நிரல் எழுதுகிறார்கள், அது ஓடவும் செய்கிறது. ஒரு சார்பு, அதாவது பெயரிட்ட நிரல் துண்டு, தன்னைத்தானே அழைக்கும்போது இந்த அழைப்புகள் எங்கேனும் நிற்கும் என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால், ஓட்டிப் பார்த்தேன், நின்றது என்று பதில் வருகிறது. கணிதத் தொகுத்தறிதலைப் படித்த மாணவர், மிகச் சிறிய பட்டியலுக்கு இது சரி, சிறிய பட்டியல்களுக்குச் சரியென்றால் பெரிய பட்டியலுக்கும் சரி என்று தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுகிறார். தன்னைத்தானே அழைக்கும் தற்சுழற்சியும் தொகுத்தறிதலும் ஒரே எண்ணத்தின் இரண்டு முகங்கள். ஒன்றைக் கற்காதவருக்கு மற்றதை மனப்பாடமாகத்தான் கொடுக்க முடிகிறது. அந்த மாணவர்களுக்காக நான் இரண்டு வாரத்தை ஒதுக்கிக் கணிதம் நடத்துகிறேன்; அதனால் கடைசி இரண்டு வாரப் பாடத்தை யாருக்கும் முழுமையாக நடத்த முடிவதில்லை. முன்தேவை நீங்கிவிட்டால் அந்தச் சிலர் பலராவார்கள், இரண்டு வாரம் ஐந்து வாரமாகும். பாடத்தின் பெயர் மட்டும் மாறாமல் இருக்கும்.

பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கருதும் உங்கள் அட்டவணைக்கு எதிராக நான் ஒரே ஒரு வரி நிரலைச் சாட்சியாக வைக்கிறேன். இருமத் தேடலை முதலாண்டு மாணவரும் அறிவார்: வரிசைப்படுத்திய பட்டியலின் நடு உறுப்பைப் பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு, மீதிப் பாதியில் தேடுவது. பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளில் முடிந்துவிடும். நடு இடத்தைக் காண, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். கணிதத்தில் இதில் குற்றமே இல்லை. நிரூபணம் கச்சிதமாக நிற்கும். ஆனால் ஜாவா மொழியின் நூலகத்திலேயே இந்த வரி ஏறத்தாழ 9 ஆண்டுகள் பிழையோடு இருந்து, 2006இல்தான் வெளியே பேசப்பட்டது. 32 பிட் முழு எண் ஏறத்தாழ 214 கோடி வரைதான் கொள்ளும். பட்டியல் 107 கோடி உறுப்புகளைத் தாண்டினால் கூட்டல் அந்த எல்லையை மீறலாம். மீறினால் விடை எதிர்ம எண்ணாகிவிடும், நிரல் முறிந்துபோகும். இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்க எண்ணோடு கூட்டினால் போதும், பிழை தீர்ந்தது. இந்த ஒரு வரியின் கதையைப் புரிந்துகொள்ள, தேடல் ஏன் சரி என்று சொல்லும் கணிதமும், எத்தனை ஒப்பீடு என்று சொல்லும் படிமுறைப் பாடமும், எண் கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் கணினி அமைப்பியலும் வேண்டும். இறுதியாண்டு மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்டுவருகிறேன். மூன்றையும் படித்தவர்களில் பாதிப்பேராவது பிழை இருக்குமிடத்தைத் தொட்டுவிடுகிறார்கள். கணினி அமைப்பியலை முடிக்காமல் நிலுவையில் வைத்திருப்பவர்களில் ஒருவர்கூட இதுவரை தொட்டதில்லை. என் ஆய்வகத்தின் சிறிய அனுபவம்தான் இது, ஆய்வு முடிவென்று சொல்லவில்லை. ஆனாலும் இம்முடிவை எடுப்பதற்கு முன் எங்களைப் போன்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உங்கள் சுற்றறிக்கை சர்வதேச வழிகாட்டுதல்களைத் துணைக்கு அழைக்கிறது. எந்த வழிகாட்டுதல், எந்தப் பக்கம் என்று அதில் குறிப்பிடப்படவில்லை. ஏசிஎம் என்னும் சர்வதேசக் கணினியியலாளர் அமைப்பு 1968 முதல், பின்னர் ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பின் கணினிச் சங்கத்தோடு சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் பரிந்துரைகளைத்தான் சொல்கிறீர்கள் என்றால், அவை உங்களுக்குத் துணை நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்தப் பட்டப்படிப்பும் விட்டுவிடக் கூடாதவை என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்த முதல்நிலை மையப் பகுதிக்கு உரியவை 165 வகுப்பு நேரங்கள். அவற்றில் 37 தனிநிலைக் கணிதத்துக்கு. அதைவிட அதிகம் பெற்றது மென்பொருள் உருவாக்க அடிப்படைகள் மட்டுமே. 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் செயற்கை நுண்ணறிவுக்கான சங்கமான ஏஏஏஐயும் சேர்ந்துகொண்டது. அந்தப் பதிப்பு கணிதத்தைக் குறைக்கவில்லை. நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றையும் சேர்த்து விரிவாக்கியது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இப்பரிந்துரைகள் பாடத்தின் பெயரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு பொருளைத் தனிப் பாடமாகவும் வைக்கலாம், பல பாடங்களுக்குள் பிரித்தும் வைக்கலாம். நீங்கள் பிரித்து வைத்திருந்தால் இம்மடலுக்கே தேவை இருந்திராது. புதிய பாடத்திட்டத்தில் எந்தப் பாடத்துக்குள் தொகுத்தறிதல் போயிருக்கிறது, எந்தப் பாடத்துக்குள் இழைகளும் அவற்றின் மோதலைத் தடுக்கும் பூட்டுகளும் போயிருக்கின்றன என்று தேடினேன். எங்கேயும் போகவில்லை. நீங்கள் மூன்றாம் பருவத்துக்குக் கொண்டுவந்திருக்கும் எந்திரக் கற்றல் பாடமோ அணிகளையும் (எண்களின் அட்டவணைகள்) நிகழ்தகவையும் முதல் வாரத்திலேயே பயன்படுத்துகிறது; அவற்றை நடத்தும் பாடம் ஐந்தாம் பருவத்தில், அதுவும் விருப்பப் பாடமாக இருக்கிறது.

நிரலை இனிச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தரும், எனவே அடிப்படைக்கு இத்தனை மணி நேரம் எதற்கு என்ற வாதம் உங்கள் கூட்டத்தில் எழுந்ததாக அறிகிறேன். என் ஆய்வகத்தில் இக்கருவிகளை நான் தடை செய்யவில்லை. சென்ற பருவத்தில் ஒரு மாணவர் வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் மாற்றும் பயிற்சியைக் கருவியின் உதவியோடு எழுதிக்கொண்டு வந்தார். நிரல் அழகாக இருந்தது. செயல்விளக்கத்தில் ஒரு தடங்கலும் இல்லை. முதல் கணக்கைப் பூட்டிவிட்டு இரண்டாவதைப் பூட்டுகிறது; அதே நொடியில் எதிர்த்திசையில் இன்னொரு மாற்றம் வந்தால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டே நிற்கும். வாய்மொழித் தேர்வில் இதைச் சுட்டியதும், இயங்குதளம் படித்திருந்த அந்த மாணவர் முட்டுக்கட்டை நிலை என்று தாமே சொல்லி, கணக்கு எண்ணின் வரிசையில் பூட்டுமாறு மாற்றிக்கொண்டார். கருவி எழுதியதைத் திருத்தும் வேலை இனி மனிதருக்கென்றால், அந்த வேலைக்கான பாடத்தைத்தான் நீங்கள் நீக்குகிறீர்கள்.

இம்முடிவுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான நெருக்கடியை நான் அறியாதவனல்லன். தனிநிலைக் கணிதத்தில் தோற்ற மாணவர் அதை மீண்டும் எழுத ஓராண்டு காத்திருக்கிறார், ஏனென்றால் அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது. அதுவரை தரவுக் கட்டமைப்புக்குப் போக முடியாது. அதனால் படிமுறைகளுக்குப் போக முடியாது. நான்காண்டுப் படிப்பு ஐந்தாண்டாகிறது, கட்டணமும் கூடுகிறது. இப்படி மாட்டிக்கொண்ட மாணவர்கள் என்னிடம் வந்து கலங்கியிருக்கிறார்கள். நியாயமான குறை. ஆனால் அது கால அட்டவணையின் குறை. பாடத்தை ஒவ்வொரு பருவத்திலும் நடத்தினாலோ, விடுமுறையில் ஆறு வார மறுபயிற்சி வைத்தாலோ தீர்ந்துவிடக் கூடியது. பாலம் குறுகலாக இருக்கிறது என்பதற்காக ஆற்றில் இறங்கி நடக்கச் சொல்வது எந்த வகையில் சுதந்திரம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சுதந்திரமும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதன்று. வீட்டில் மென்பொருள் துறையில் இருப்பவர் உள்ள மாணவர், விருப்பப் பட்டியலில் இருந்தாலும் இயங்குதளத்தைத் தேடி எடுத்துக்கொள்வார். என்னைப் போல் வந்தவர், மதிப்பெண் எளிதாக விழும் பாடத்தை எடுப்பார். நான்கு ஆண்டு கழித்து நேர்முகத் தேர்வில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படும்.

இயங்குதளப் பாடம் இங்கே நடத்தப்படும் விதம் சலிப்பூட்டுகிறது என்று மாணவர்கள் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். பருவம் முழுவதும் வரையறைகளை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கருவின் மூல நிரலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்கென்றே உருவாக்கப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறது. சில ஆயிரம் வரிகள்தான். ஒரு பருவத்துக்குள் படித்து, புதிய கணினி அழைப்பு ஒன்றை (நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் வழி) சேர்த்து, ஓட்டிப் பார்த்துவிடலாம். பாடத்தைத் திருத்தும் வேலையைச் செய்ய முன்வரும் ஆசிரியர்கள் இத்துறையில் இருக்கிறார்கள். அவர்களை அழைக்காமல் பாடத்தையே ஓரமாக வைப்பது எளிய வழி.

இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குப் பதிலாக நிறுவனப் பயிற்சியை ஏற்கும் உங்கள் முடிவில் எனக்குப் பெரிய எதிர்ப்பில்லை. பயிற்சியின் முடிவில் வாய்மொழித் தேர்வு இருந்தால் போதும். பழைய கணினி வரைகலைப் பாடத்தைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்ததும் சரியே.

என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். முன்தேவைகளை நீக்கும் பிரிவை வரும் கல்வியாண்டில் நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள். தனிநிலைக் கணிதம், கணினி அமைப்பியல், இயங்குதளம் ஆகியவற்றைக் கட்டாயப் பாடங்களாகவே வைத்திருங்கள். மணி நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், குறைக்கப்படும் ஒவ்வொரு தலைப்பும் வேறு எந்தப் பாடத்துக்குள், எத்தனை வகுப்புகளில் வருகிறது என்று காட்டும் அட்டவணையை முடிவுக்கு முன்னதாக வெளியிடுங்கள். தனிநிலைக் கணிதத்தையும் தரவுக் கட்டமைப்பையும் ஒவ்வொரு பருவத்திலும் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். ஆள் பற்றாக்குறை காரணமென்றால், கூடுதல் ஊதியம் கேட்காமல் ஒரு பிரிவை நான் எடுக்கத் தயார். எந்திரக் கற்றலை நிகழ்தகவுக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் பின்னால் நகர்த்துங்கள்.

இயங்குதளம் முன்பு விருப்பப் பாடமாக இருந்த அந்த இரண்டு ஆண்டுகளின் தேர்ச்சி விவரங்களையும், அது ஏன் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது என்பதற்கான துறைக் குறிப்பையும் வெளியிடுங்கள். ஆய்வக ஆசிரியர்கள், இறுதியாண்டு மாணவர்கள், இத்துறையில் படித்து வேலையில் இருப்பவர்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்கும் திறந்த கூட்டம் ஒன்றை, கல்விக்குழு இதற்கு இறுதி ஒப்புதல் தரும் நாளுக்கு முன்பே கூட்டுங்கள். கூட்டத்தின் தேதியை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இத்துறையின் முன்னாள் மாணவரும் பகுதிநேர ஆய்வக ஆசிரியருமான ஒருவர்